ஆஸ்திரேலியாவின் 'தகவல் தொடர்பு, கலைத் துறை' எங்கே போனது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "சிட்னியில் எங்கள் நாட்டியக் குழுவின் பழைய கோப்புகளைப் புரட்டியபோது 2017ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று கிடைத்தது. தலைப்பில் 'டிபார்ட்மென்ட் ஆஃப் கம்யூனிகேஷன்ஸ் அண்ட் தி ஆர்ட்ஸ்' என்று இருக்கிறது. இப்போது அப்படி ஒரு துறையே இல்லை என்கிறார்கள். ஏன் மூடினார்கள்? கலைக்கான பணமும் அதோடு போய்விட்டதா? இனி யாரைப் பார்ப்பது?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் துறை 2015 செப்டம்பர் 21ஆம் தேதி பிறந்தது, 2020 பிப்ரவரி 1ஆம் தேதி மறைந்தது. நாலரை வருட வாழ்வு. அது செய்துவந்த வேலைகளும் அங்கிருந்த ஆட்களும் உள்கட்டமைப்பு, போக்குவரத்தைக் கவனிக்கும் பெரிய துறைக்குள் போய்விட்டார்கள். பணம் அதோடு போகவில்லை. கலைக்கான பணத்தில் பெரிய அடி விழுந்தது அதற்கு முன்பே, வேறொரு துறையின் காலத்தில். இந்த இரண்டையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியாவில் ஒரு துறையை உருவாக்கவும் கலைக்கவும் நாடாளுமன்றத்தில் சட்டம் எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. அரசமைப்பின் 64ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைத் தலைமை ஆளுநருக்குத் தருகிறது. அதாவது, நடைமுறையில் பிரதமருக்கு. பிரதமர் முடிவு செய்வார், ஓர் ஆணையில் கையெழுத்தாகும், மறுநாள் வாசலில் பெயர்ப்பலகை மாறும். அதனால் அங்கே துறைப் பெயர்கள் நம் ஊர்க் கடைப் பெயர்களைவிட வேகமாக மாறும்.

தகவல் தொடர்புக்குப் பழைய வீடு ஒன்று இருந்தது. 1901இல் கூட்டாட்சி அமைந்தபோது உருவான முதல் ஏழு துறைகளில் ஒன்று அஞ்சல் துறை. தபால், தந்தி, தொலைபேசி எல்லாம் அதன் கையில். 1975இல்தான் தபாலைத் தனி நிறுவனமாகவும் தொலைபேசியைத் தனி நிறுவனமாகவும் பிரித்தார்கள். கலைக்கு அப்படிச் சொந்த வீடு எதுவும் கிடையாது. 1960களின் கடைசியில் பிரதமரின் நிழலில் ஒரு கலை மன்றமாகத் தொடங்கி, 1975இல் தனிச் சட்டத்தின் கீழ் 'ஆஸ்திரேலியா கவுன்சில்' ஆனது. மானியம் தருவது அந்த மன்றத்தின் வேலை. ஆனால் அந்த மன்றத்துக்குப் பணம் ஒதுக்குவது, தேசிய அருங்காட்சியகம், நூலகம், திரைப்படக் கொள்கை போன்றவற்றைக் கவனிப்பது எல்லாம் ஏதாவது ஒரு துறையில் இருந்துதானே ஆக வேண்டும்? அந்தப் பிரிவுதான் வாடகை வீடு மாறும் குடும்பம்போல இடம் மாறிக்கொண்டே இருந்தது.

1987இல் அது குடியேறிய துறையின் பெயர் 'கலை, விளையாட்டு, சுற்றுச்சூழல், சுற்றுலா, ஆட்சிப்பகுதிகள்'. மிச்சம் இருந்ததையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டியதுபோல. 1994இல் முதல் தடவையாகத் தகவல் தொடர்பும் கலையும் ஒரே பெயரில் சேர்ந்தன. ஆம், உங்கள் கடிதத்தில் இருப்பது அதே பெயரின் இரண்டாவது அவதாரம். முதல் அவதாரம் 1998 வரை இருந்தது. அந்த 1994 அக்டோபரில்தான் அன்றைய பிரதமர் பால் கீட்டிங் 'கிரியேட்டிவ் நேஷன்' என்ற பண்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, நான்கு ஆண்டுகளுக்குக் கூடுதலாக 25.2 கோடி டாலர் அறிவித்தார். சி.டி.ராம், மல்டிமீடியா என்று உலகமே பேசிய காலம். கலையும் தொழில்நுட்பமும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குப் புதுமையாகத் தெரிந்தது. 1998இல் நடுவே 'தகவல் தொழில்நுட்பம்' என்ற சொல்லையும் செருகி, 2007 வரை அதே சேர்க்கை ஓடியது.

அப்புறம் ஆட்சி மாறியது, தலைசுற்றல் தொடங்கியது. 2007 டிசம்பரில் கலை சுற்றுச்சூழல் துறைக்குப் போனது. அமைச்சர் பீட்டர் காரெட், 'மிட்நைட் ஆயில்' இசைக்குழுவின் பாடகர். 2010இல் பிரதமர் துறைக்கு, 2011இல் வட்டார வளர்ச்சித் துறைக்கு, 2013இல் அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அமைச்சர்) துறைக்கு, 2015இல் தகவல் தொடர்புக்கு. எட்டு வருடத்தில் ஐந்து வீடு. ஒரு மானியக் கோப்பு விண்ணப்பமாகத் தொடங்கி கணக்கு முடிவதற்குள் அதன் தலைப்புத்தாள் இரண்டு தடவை மாறியிருக்கும்.

இப்போது அந்த அடிக்கு வருகிறேன். 2014இல் சிட்னி பியனாலே கலைக் கண்காட்சியை ஓவியர்கள் சிலர் புறக்கணித்தார்கள். காரணம், அதன் புரவலர்களில் ஒன்றான டிரான்ஸ்ஃபீல்ட் நிறுவனம், நவ்ரு, மானுஸ் தீவுகளில் இருந்த அகதித் தடுப்பு முகாம்களின் ஒப்பந்தக்காரர். அந்த முகாம்களில் இலங்கைத் தமிழர்களும் அடைபட்டிருந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கண்காட்சி அந்த உறவை முறித்துக்கொண்டது. அன்றைய அட்டர்னி ஜெனரல் ஜார்ஜ் பிராண்டிஸ்தான் கலை அமைச்சரும்கூட. தனியார் பணத்தை வேண்டாம் என்பவர்களுக்கு அரசுப் பணம் எதற்கு என்று கேட்டு, அதற்கேற்ப ஒரு விதி செய்யச் சொல்லி ஆஸ்திரேலியா கவுன்சிலுக்கு எழுதினார்.

அடுத்த வருட பட்ஜெட், 2015 மே. கவுன்சிலிடமிருந்து நான்கு ஆண்டுகளுக்கான 10.47 கோடி டாலரை எடுத்து, தன் அமைச்சகத்தின் கீழேயே 'கலைச் சிறப்புக்கான தேசியத் திட்டம்' என்று ஒன்றை பிராண்டிஸ் அறிவித்தார். கவுன்சிலுக்குச் சொல்லாமல், கலைஞர்களைக் கேட்காமல். இதற்கும் பியனாலே விவகாரத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று கலைஞர்கள் பலர் நம்பினார்கள். அதை நிரூபிக்க முடியாது, ஆனால் அந்தச் சந்தேகம் வந்ததில் வியப்பும் இல்லை.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கவுன்சிலில் ஒரு விண்ணப்பத்தை மதிப்பிடுவது அதே துறைக் கலைஞர்கள். நாட்டியத்தை நாட்டியம் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். எந்தக் குழுவுக்கு எவ்வளவு என்பதில் அமைச்சர் தலையிட முடியாது, சட்டமே அப்படி. பணம் அமைச்சகத்துக்கு வந்துவிட்டால் கடைசிக் கையெழுத்து அமைச்சருடையது. அவரைத் திட்டி நாடகம் போடுகிறவர் அவரிடமே விண்ணப்பிக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் இருந்தது. பெரிய ஆர்கெஸ்ட்ரா, ஆப்பரா, பாலே உட்பட 28 நிறுவனங்களின் பணத்தில் கை வைக்கக் கூடாது என்று அரசு வேலி போட்டிருந்தது. அப்படியென்றால் வெட்டு முழுவதும் யார் தலையில்? சிறிய குழுக்கள், தனிக் கலைஞர்கள், இலக்கியப் பத்திரிகைகள்.

நாடாளுமன்ற மேலவையான செனட்டின் விசாரணை நடந்தது. ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் குவிந்தன. அந்த விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே மால்கம் டர்ன்புல் கட்சிக்குள் அன்றைய பிரதமர் டோனி ஆபட்டைத் தோற்கடித்துப் பிரதமரானார். அதற்கு முன்தினம் வரை டர்ன்புல் எந்தத் துறை அமைச்சர்? தகவல் தொடர்பு. அந்தத் துறையின் செயலராக இருந்த ட்ரூ கிளார்க்கையே தன் அலுவலகத் தலைவராக அழைத்துக்கொண்டார். பிராண்டிஸிடமிருந்து கலையை எடுத்து, தனக்குப் பழக்கமான துறையோடு சேர்த்தார். புது அமைச்சர் மிட்ச் ஃபிஃபீல்ட். உங்கள் கடிதத்தின் தலைப்பு இப்படித்தான் உருவானது. பெரிய தத்துவம் எல்லாம் இல்லை. ஒரு தீயை அணைக்க எடுத்த வாளி என்றுதான் நான் சொல்வேன்.

ஃபிஃபீல்ட் அந்தத் திட்டத்துக்கு 'கேட்டலிஸ்ட்' என்று பெயர் மாற்றி, 3.2 கோடி டாலரைக் கவுன்சிலுக்குத் திருப்பினார். மீதி அமைச்சகத்திலேயே இருந்தது. அதன் விளைவு 2016 மே 13 அன்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை. கவுன்சிலின் நான்காண்டு நிதிப் பட்டியல் வெளியானபோது, முன்பு பணம் பெற்றுவந்த அறுபதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் அதில் இல்லை. 1940இல் தொடங்கிய 'மீன்ஜின்' இலக்கிய இதழும் அதில் ஒன்று. கலை உலகில் இன்றும் அதைக் 'கறுப்பு வெள்ளி' என்றே சொல்வார்கள். 2017 மார்ச்சில்தான் கேட்டலிஸ்டை மூடி, மிச்சப் பணத்தில் பெரும்பகுதியைக் கவுன்சிலுக்குத் திருப்பினார்கள். பணம் திரும்பியது, மூடிய குழுக்கள் எல்லாம் திரும்பவில்லை. உங்கள் கடிதத்தின் தேதி 2017 என்பதால், அது கேட்டலிஸ்ட் சம்பந்தப்பட்டதாகவும் இருக்கலாம். உள்ளே பார்த்தால் தெரியும்.

சரி, அந்தத் துறை நாலரை வருடத்தில் உருப்படியாக என்ன செய்தது? செய்தித்தாளைப் பார்த்தவர்களுக்கு அது அகலப்பட்டை இணையத்தின் துறை. என்.பி.என். என்ற தேசிய இணைய வலையமைப்பின் கேபிள், வேகம், புகார். 2017இல் ஊடக உரிமை விதிகளைத் தளர்த்தியது, அதாவது ஒரே ஊரில் செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி மூன்றையும் ஒருவரே வைத்திருக்கக் கூடாது என்ற தடையை நீக்கியது இன்னொரு பெரிய செய்தி. ஏ.பி.சி., எஸ்.பி.எஸ். என்ற பொது ஒலிபரப்புகளின் நிதியும் அந்த வட்டத்தில்தான். அவற்றின் நிகழ்ச்சிகளில் துறை தலையிட முடியாது, ஆனால் எஸ்.பி.எஸ். தமிழ் ஒலிபரப்புக்கான பணம் கடைசியில் இந்த அமைச்சரின் பட்ஜெட் வரியிலிருந்துதான் வந்தது.

எனக்கு அந்தத் துறையில் பிடித்த வேலை வேறு. அது யாரும் கவனிக்காதது. 2015இல் கலையோடு சேர்த்துக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டமும் அட்டர்னி ஜெனரலிடமிருந்து இங்கே வந்தது. அப்போது ஆஸ்திரேலியச் சட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. எழுதியவர் உயிரோடு இருக்கும்போது வெளியாகாத எழுத்துக்கு, பிறகும் வெளியாகாத வரைக்கும், காப்புரிமை முடியவே முடியாது. நூறு வருடம் முந்திய காதல் கடிதம், சிப்பாயின் நாட்குறிப்பு, பாட்டி கைப்பட எழுதிய கேக் செய்முறை, எதையும் நூலகம் தைரியமாக இணையத்தில் போட முடியாது. நூலகர்கள் 2015 ஜூலையில் ஒரு வேடிக்கையான போராட்டம் நடத்தினார்கள். ஆவணக் காப்பகங்களில் இருந்த கையெழுத்துச் சமையல் குறிப்புகளை எடுத்துச் சமைத்து, அந்தப் படங்களைப் பகிர்ந்தார்கள். 'குக்கிங் ஃபார் காப்பிரைட்' என்று பெயர். 2017இல் சட்டம் திருத்தப்பட்டது, 2019 ஜனவரி 1 முதல் அந்த முடிவில்லாத உரிமை முடிவுக்கு வந்தது. நூலகமும் காப்புரிமையும் இணையமும் ஒரே செயலரின் கீழ் இருந்ததால் இது எளிதாக நடந்தது என்பது என் கணிப்பு. தகவல் தொடர்பும் கலையும் சேர்ந்திருப்பதில் அர்த்தம் உண்டு என்பதற்கு நான் காட்டுகிற உதாரணம் இதுதான்.

இன்னொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. வெளிநாட்டிலிருந்து களவாய்க் கொண்டுவரப்பட்ட கலைப்பொருட்களைத் திருப்பித் தருவதற்கு ஆஸ்திரேலியாவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதை நடத்துவது கலைப் பிரிவு. கான்பெரா தேசியக் கலைக்கூடத்தில் இருந்த ஸ்ரீபுரந்தான் நடராஜரை நான் அங்கேயே பார்த்திருக்கிறேன். அப்போது அவர் திருடப்பட்டவர் என்று தெரியாது. கோயிலில் நிற்பதுபோல ஒரு கணம் கைகூப்பிவிட்டு, பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. 2008இல் நியூயார்க் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரிடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கினார்கள். 2014 செப்டம்பரில் ஆபட் டெல்லிக்குப் போனபோது, விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரோடு சேர்த்து ஒப்படைத்தார். வாங்கியபோது கலை இருந்தது சுற்றுச்சூழல் துறையில், கொடுத்தபோது அட்டர்னி ஜெனரல் துறையில்.

உங்கள் கடிதத்தின் துறை வந்த பிறகு, 2016 செப்டம்பரில், பிரத்யங்கிரா தேவியின் கற்சிலையும் ஒரு புத்தமதச் சிற்பமும் திரும்பின. அமைச்சர் ஃபிஃபீல்டே கான்பெராவில் இந்தியப் பண்பாட்டு அமைச்சர் மகேஷ் சர்மாவிடம் ஒப்படைத்தார். பிரத்யங்கிராவும் விருத்தாசலம் கோயிலில் இருந்தவள்தான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படம்தான் சாட்சி. 2019 நவம்பரில் தமிழ்நாட்டுத் துவாரபாலகர் இருவர் உட்பட மூன்று சிலைகளைத் திருப்புவதாக அறிவித்தார்கள். 2020 ஜனவரியில் பிரதமர் மாரிசன் இந்தியா வரும்போது தருவதாகத் திட்டம். காட்டுத்தீயால் அந்தப் பயணமே ரத்தானது. அதற்குள் துறையின் நாளும் எண்ணப்பட்டுவிட்டது. 2021 ஜூலையில் சம்பந்தர் சிலை உட்பட 14 பொருட்களைத் திருப்புவதாகக் கலைக்கூடம் அறிவித்தபோது, கலைப் பிரிவு ரயில், விமானத் துறைக்குள் உட்கார்ந்திருந்தது.

அந்த மூடல் எப்படி நடந்தது என்றால், 2019 டிசம்பர் 5, வியாழக்கிழமை. 18 துறைகளை 14 ஆக்குவதாக ஸ்காட் மாரிசன் அறிவித்தார். நிர்வாக நெரிசல் குறையும், மக்களுக்குச் சேவை எளிதாகும் என்பது சொன்ன காரணம். ஐந்து துறைச் செயலர்களுக்கு வேலை போனது. தகவல் தொடர்பு, கலைத் துறையின் செயலர் மைக் மர்டாக்குக்கு விஷயம் தெரிந்தது முந்தைய நாள் மதியம்தான். துறையை மூடுவது பற்றித் தங்கள் கருத்தை யாரும் கேட்கவே இல்லை என்று ஊழியர்களுக்கு எழுதிய மின்னஞ்சலில் வெளிப்படையாகச் சொன்னார். கான்பெரா அதிகாரி ஒருவர் இந்த அளவுக்கு எழுதுவது அபூர்வம். இதில் ஒரு வேடிக்கை: தன் துறையை விழுங்கிய அதே உள்கட்டமைப்புத் துறைக்கு 2009 முதல் 2017 வரை செயலராக இருந்தவர் அவரேதான்.

புதிய துறையின் பெயர் 'உள்கட்டமைப்பு, போக்குவரத்து, வட்டார வளர்ச்சி, தகவல் தொடர்பு'. கலை என்ற சொல்லே இல்லை. கலைஞர்கள் கொதித்தது அதற்காகத்தான். அமைச்சர் பால் ஃப்ளெட்சரின் பதவிப் பெயரில் கலை இருந்தது, பணத்தில் மாற்றமில்லை, அப்புறம் என்ன என்று அரசு தரப்பில் கேட்டார்கள். பாதி சரி. ஆனால் துறைச் செயலர்கள் கூடிப் பேசும் மேஜையில் கலையைப் பெயரிலேயே சுமந்து உட்கார ஓர் ஆள் இல்லாமல் போனார். இரண்டு மாதத்தில் கொரோனா வந்தது. முதலில் மூடியவற்றில் அரங்குகளும் அடக்கம். 'ஜாப்கீப்பர்' சம்பள உதவி, ஒரே முதலாளியிடம் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்யாத தற்காலிக ஊழியர்களுக்குக் கிடையாது. மேடைத் தொழிலில் பலர் அப்படித்தான். கலைக்கென்று 25 கோடி டாலர் திட்டம் ஜூன் கடைசியில்தான் வந்தது, அதிலும் 9 கோடி கடன். தனித்துறை இருந்திருந்தால் சீக்கிரம் வந்திருக்குமா? உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்த மேஜையில் கத்துவதற்கு ஆள் இருந்திருப்பார், அவ்வளவுதான்.

2022இல் ஆட்சி மாறியதும் ஜூலை 1 முதல் பெயரின் கடைசியில் 'கலை' ஒட்டப்பட்டது. 2023 ஜனவரியில் 'ரிவைவ்' என்ற பண்பாட்டுக் கொள்கை, நான்கு ஆண்டுகளுக்கு 28.6 கோடி டாலர். ஆஸ்திரேலியா கவுன்சில் அதே ஆண்டு 'கிரியேட்டிவ் ஆஸ்திரேலியா' ஆனது. 2025 மே மாதத்தில் விளையாட்டும் வந்து சேர, இன்றைய பெயர்: உள்கட்டமைப்பு, போக்குவரத்து, வட்டார வளர்ச்சி, தகவல் தொடர்பு, விளையாட்டு, கலைத் துறை. மூச்சுப் பிடித்துச் சொல்ல வேண்டும். 1987 மூட்டை நினைவுக்கு வருகிறதா?

இனி உங்கள் வேலை. பழைய கடிதத்தில் மானிய எண் இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு, மேலே சொன்ன துறையின் உள்ளே இருக்கும் 'ஆஃபிஸ் ஃபார் தி ஆர்ட்ஸ்' பிரிவுக்கு எழுதுங்கள். பழைய கோப்புகள் துறையோடு அங்கேதான் நகர்ந்தன. கணக்கு ஒப்படைத்ததற்கான பதில் கடிதம் இருக்கிறதா என்றும் பாருங்கள், புது விண்ணப்பத்தில் பழைய மானியத்தைப் பற்றிக் கேட்டால் காட்ட உதவும். புது நாட்டியத் தயாரிப்புக்குப் பணம் வேண்டுமென்றால் துறையிடம் போக வேண்டாம், கிரியேட்டிவ் ஆஸ்திரேலியாவில் விண்ணப்பியுங்கள். நீங்கள் சிட்னி என்பதால் மாநில அரசின் 'கிரியேட் என்.எஸ்.டபிள்யூ.' அமைப்பையும் கேளுங்கள். சிட்னிக்கு வெளியே, வட்டார ஊர் ஒன்றின் விழாவில் ஆடப்போகிறீர்கள் என்றால் 'ஃபெஸ்டிவல்ஸ் ஆஸ்திரேலியா' என்ற திட்டம் இருக்கிறது, அது துறையே நேரடியாகத் தருவது. கடிதத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தைக் கோப்பிலேயே விடுங்கள்.